வஜ்ரபுரி ராஜா

தகரக் கிரீடத்தின் விளிம்பு என் பெரியப்பா மகனின் நெற்றியைக் கீறி, ரத்தம் புருவம் வரைக்கும் இறங்கியது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. செஞ்சிக் கோட்டையின் பழைய நெற்களஞ்சியத்துக்குள், உடைந்து விழுந்த தூண் ஒன்றின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, "ராஜ ரத்தம். யாரும் தொடக் கூடாது" என்றான். அவனுக்கு அப்போது பதினான்கு வயது. எதிரே மண்ணில் முழங்கால் போட்டிருந்த எங்கள் ஒன்பது பேருக்கும் உடம்பு சிலிர்த்தது. மேலே வளைவுக் கூரையில் வௌவால்கள் அசைந்தன. அவற்றின் எச்சத்தின் நெடி மூக்கைக் குத்தியது. பதினொரு வயதுச் சிறுமியான எனக்கு அந்த நெடியும் அந்த ரத்தமும் பெரிய காரியமாகப் பட்டன. இன்றைக்கு அந்தக் காட்சி நினைவுக்கு வந்தால், சோற்றில் கிடந்த மயிரைப் பாதிச் சோறு தின்ற பிறகு பார்த்தது மாதிரி அருவருக்கிறது.

கோட்டையைப் பற்றி இப்போது எழுதுகிறவர்கள் உருகி உருகி எழுதுகிறார்கள். ராஜகிரியின் உச்சியில் காற்று எப்படி அடிக்கும், கல்யாண மஹாலின் மாடங்களில் வெயில் எப்படி விழும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எல்லாம் உண்மைதான். நானும் அந்தப் பாறைகளில் விளையாடித்தான் வளர்ந்தேன். ஆனால் எனக்கு உருக வரவில்லை. அந்தக் கோட்டையில் அறுபதுகளில் சுமார் ஒரு வருஷம் ஒரு ராஜ்யம் நடந்தது. அதன் ராஜாவைப் பற்றியும், அவனுக்குக் கீழே நான் பார்த்த வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாமல் இத்தனை வருஷம் இருந்தேன் என்பதும் அந்த அருவருப்பின் ஒரு பகுதிதான்.

எங்களுடையது கடைத்தெருவில் வெல்ல மண்டி வைத்திருந்த கூட்டுக் குடும்பம். மண்டியில் உட்காருவது பெரியப்பா. என் நைனா அவருக்குக் கீழே நின்று மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொள்வார். கடைத்தெருவில் அந்த வரிசையில் இருந்த நாலைந்து கடைகளின் இடமும் பெரியப்பாவுடையதுதான். அதனால் தெருவில் அவர் நடந்து வந்தால் பலர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்கள். அவருக்கு ஒரே பிள்ளை. முதல் தோசை அவனுக்கு. பண்டிகைக்குத் துணி எடுத்தால் முதல் துணி அவனுக்கு. அவன் தூங்கினால் வீட்டில் பாத்திரம் சத்தம் போடக் கூடாது. கோட்டையில் கிரீடம் வைத்துக்கொள்வதற்கு முன்பே வீட்டில் அவன் ராஜாதான். கிரீடம் ஒன்றுதான் பாக்கியாக இருந்தது, அவ்வளவுதான்.

அவனிடம் ஒன்று இருந்தது, அதை மறைக்கக் கூடாது. கதை சொல்லுவான். அப்படி ஒரு சரளத்தை நான் பிறகு எந்தப் பேச்சாளரிடமும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் இளவயதிலேயே போரில் மாண்ட ஒரு ராஜாவின் கதை எல்லோர் வாயிலும் உண்டு. இவனுக்கு அது பிடிக்காது. "தோத்துட்டு செத்தவன் கதைய யாரு கேப்பா?" என்பான். அதனால் தனக்கென்று ஒரு நாட்டை உண்டாக்கினான். அதற்கு வஜ்ரபுரி என்று பெயர் வைத்தான். அதன் ராஜா இரண்டு பாறைகளின் இடுக்கில் பிறந்து, கழுகு இரை கொண்டுவந்து ஊட்டி வளர்ந்தவனாம். ஏழு வயதில் ஒரு மதயானையைக் காதைப் பிடித்து நிறுத்தினவனாம். ஒன்பது வயதில் அவன் மாமனே அவனுக்கு விஷம் வைக்க, விஷம் தின்றும் சாகாமல் எழுந்து உட்கார்ந்து இன்னும் ஒரு கவளம் கேட்டவனாம். சனி, ஞாயிறுகளில் நாங்கள் களஞ்சியத்தில் கூடுவோம். வாரத்துக்கு ஒரு அத்தியாயம் சொல்லுவான். கேட்டுக்கொண்டே இருந்தால், பாறையில் பிறந்தவன் எங்கே முடிந்து இவன் எங்கே ஆரம்பிக்கிறான் என்பது தெரியாமல் போய்விடும்.

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லுவார்கள். அதனால் நான் அரண்மனை எழுத்தர். மண்டியிலிருந்து எடுத்து வந்த நீளமான நோட்டு ஒன்றில் ராஜாவின் சரித்திரத்தையும், அவன் போடும் சட்டங்களையும் எழுதுவேன். கடைத்தெருக் கோடியில் லாந்தரும் புனலும் செய்துகொண்டிருந்த தகரக்கடை பாயின் மகன் தளபதி. ராஜாவைவிட ஒரு வயது சின்னவன், ஆனால் பலசாலி. வனஸ்பதி டின்னை வெட்டிக் கிரீடம் செய்தவன் அவன்தான். அதன் விளிம்பை மடித்துத் தட்டப் போனபோது, "இப்பவே குடு" என்று ராஜா பிடுங்கி வைத்துக்கொண்டான். அதனால்தான் அந்தக் கீறல்.

பொரிகடைக்காரர் மகள் களஞ்சியத்தின் அதிகாரி. என் வகுப்புதான், என் பக்கத்தில் உட்காருகிறவள். என் பெரியப்பாவின் இடத்தில்தான் அவள் நைனா கடை வைத்திருந்தார். வாரா வாரம் பாவாடை மடியில் பொரியும் பொட்டுக்கடலையும் கட்டிக்கொண்டு வருவாள். கோட்டைக்கு நடந்து வருவதற்குள் பாதி சிந்திவிடும். அவளுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. வகுப்பில் வாத்தியார் தும்மினால் அவளை வெளியே நிற்க வைக்க வேண்டியிருக்கும். சிரிக்க ஆரம்பித்தால் மூச்சு முட்டி, கண்ணில் தண்ணீர் வந்து, பக்கத்தில் இருப்பவள் தோளைப் பிடித்துக்கொள்வாள். பெரும்பாலும் அந்தத் தோள் என்னுடையது.

ராஜ்யத்தின் முதல் சட்டம் நல்ல சட்டம். வஜ்ரபுரியில் யாரும் தனியாகத் தின்னக் கூடாது, கொண்டுவந்ததை நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை நான் எழுதியபோது எனக்கே பெருமையாக இருந்தது. முதல் மூன்று நான்கு மாதம் அப்படித்தான் போயிற்று. பிறகு ராஜாவுக்குச் சலித்துவிட்டது. எதிரி நாடு வேண்டும் என்றான். எதிரியாக வர யாரும் இல்லை. குரங்குகளை எதிரி என்று அறிவித்துக் கல்லெறியச் சொன்னான். அவை இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் எங்களைத் துரத்தின. வெளியே எதிரி கிடைக்காமல் போகவே, உள்ளே தேட ஆரம்பித்தான்.

தண்டனைகள் அப்படித்தான் வந்தன. ராஜாவுக்கு முன்னால் கொட்டாவி விட்டவன் உச்சி வெயிலில் பாறை மேல் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ராஜா பேசும்போது பேசியவன், வௌவால் எச்சம் கணுக்கால் வரை கிடக்கும் உள்ளறையில் குப்புறப் படுத்து எழுந்து வர வேண்டும். விழுந்து கும்பிட மறந்த ஒரு சின்னப் பையன் செத்த தட்டானை வாயில் போட்டு மென்றான். இரண்டு விரலை ராஜா உயர்த்தினால் சபை மௌனமாக வேண்டும். அந்த மௌனத்தில் தட்டானின் சிறகு பல்லில் நெரிபடும் சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்டது. நான் எழுதினேன். குற்றம் இன்னது, தண்டனை இன்னது, நிறைவேறியது. எழுதுகிறவளுக்குத் தண்டனை கிடையாது என்பதை நான் வெகு சீக்கிரம் புரிந்துகொண்டேன். அதைவிட மோசமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் முகத்தைச் சுளித்து விழுங்கியபோது எனக்குக் குமட்டவில்லை. இன்பமாக இருந்தது. கழுத்துக்குப் பின்னால் யாரோ மெல்ல ஊதின மாதிரி ஒரு கூச்சம். அதை வேறு எந்தப் பெயராலும் அழைக்க எனக்கு உரிமையில்லை.

பொரிகடைக்காரர் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு வந்தாள். அந்த வருஷம் கடையில் வியாபாரம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் வீட்டில் ராத்திரிச் சோற்றுக்குப் பதில் பொரியை ஊறவைத்துத் தின்றார்கள் என்பதையும் அவளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

"களஞ்சியத்துக்கு இன்னா கொண்டாந்த?" என்று ராஜா கேட்டான்.

"ஒண்ணும் இல்ல. இனிமே எடுக்கக் கூடாதுன்னு நைனா சொல்லிட்டாரு."

"உங்க நைனா வஜ்ரபுரிக்குள்ள பேசக் கூடாது. இங்க நான் சொல்றதுதான்."

சொல்லிவிட்டு அவன் எழுந்தான். எழுந்த வேகத்தில் கிரீடம் நழுவி, மூக்கு வரைக்கும் இறங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றது. அவள் அடக்கிப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள், தலையைக் குனிந்தாள், என் பக்கம் திரும்பினாள். முடியவில்லை. களஞ்சியத்தின் வளைவுக் கூரை அந்தச் சிரிப்பை வாங்கி எட்டுத் திசையிலிருந்தும் திருப்பிக் கொடுத்தது. வௌவால்கள் கலைந்தன. அவள் சிரித்தபடியே என் தோளைப் பிடிக்கக் கை நீட்டினாள். நான் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றேன்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. ராஜத் துரோகம் என்று ராஜா சொன்னான், நான் எழுதினேன். தண்டனை, குட்டைத் தண்ணீர் மூன்று கை. களஞ்சியத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், பாறைச் சரிவுக்குக் கீழே ஒரு சின்னக் குட்டை இருந்தது. எருமைகள் அதில்தான் படுத்துக் கிடக்கும். மேய்க்கிறவர்கள் அதன் கரையில்தான் ஒதுங்குவார்கள். மேலே பச்சையாக ஒரு ஆடை படிந்திருக்கும். அன்றைக்கு அதில் ஒரு பெருச்சாளி வயிறு ஊதிச் செத்து மிதந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஈ மொய்த்தது. பத்தடி தூரத்திலேயே நாற்றம் தாங்கவில்லை. ராஜா மடிப்புக் கலையாத கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டான்.

குட்டைக் கரைக்கு வரும் வரை அவள் வேடிக்கை என்றுதான் நினைத்தாள். "சும்மா சொல்றான்டி" என்று என்னிடம் சொன்னாள். யாரும் சிரிக்காததைப் பார்த்த பிறகு அவள் முகம் மாறியது. தளபதி மட்டும், "வேணாம்டா, பொட்டப் புள்ள" என்றான். ராஜா இரண்டு விரலை உயர்த்தினான். தளபதி வாயை மூடிக்கொண்டான். "குடிக்கலன்னா உங்க கடைய எங்க நைனாகிட்ட சொல்லி காலி பண்ண வச்சிடுவேன்" என்றான் ராஜா. அது வஜ்ரபுரிச் சட்டம் இல்லை. அது செஞ்சிக் கடைத்தெருவின் சட்டம். அவளுக்கு அது புரிந்தது. கரையில் மண்டியிட்டாள்.

குனிந்தபோது அவளுடைய இரட்டைச் சடை இரண்டும் தண்ணீருக்குள் விழப் பார்த்தன. நான் போய்ப் பின்னால் நின்று இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். நனையக் கூடாதே என்று பிடித்தேன். அதில் என்ன கருணை இருந்தது என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். என்ன இருந்ததோ தெரியாது, அவள் எழுந்து ஓடாமல் இருந்ததற்கு என் பிடியும் ஒரு காரணம். முதல் கை. இரண்டாவது கையில் பச்சைப் பாசி இழையாக உதட்டில் தொங்கியது. மூன்றாவது கையை விழுங்க முடியாமல் தொண்டை ஏறி இறங்கியது சடை வழியாக என் கைக்கு வந்தது. பிறகு அவள் எழுந்து, வாயைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஊர்ப் பக்கம் நடந்துபோனாள். நான் நோட்டை எடுத்து, நிறைவேறியது என்று எழுதினேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவளுக்கு ஜுரம் கண்டது. விஷ ஜுரம் என்றார்கள். அந்தக் குட்டைத் தண்ணீரால்தான் வந்தது என்று எந்த வைத்தியரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஊரில் வேறு சிலருக்கும் அந்த வருஷம் ஜுரம் வந்தது. ராஜா பிறகு பிடித்துக்கொண்ட பிடி அதுதான், நானும் பல காலம் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். ஜுரம் இரண்டாவது வாரத்துக்குப் போனபோது ஒரு மாலையில் அவள் நைனா என்னைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி என்னைக் கூப்பிட்டார். பொரி வறுக்கும் சூட்டில் கருத்துப்போன முகம், அன்றைக்குச் சவரம் கூடச் செய்திருக்கவில்லை.

"கண்ணு, நீ எப்பவும் அவ கூடவே இருப்பியே. எங்கனா கெட்ட தண்ணி குடிச்சாளான்னு டாக்டரு கேக்கறாரு. உனக்குத் தெரியுமா?"

என் பின்னால் நடையில் என் பெரியப்பா மகன் நின்றிருந்தான். திரும்பிப் பார்க்காமலே எனக்கு அது தெரிந்தது.

"தெரியாது மாமா" என்றேன்.

அவர் உடனே போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா யோசிச்சிச் சொல்லு கண்ணு. யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். நான் மறுபடியும் தெரியாது என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாள் அவளை விழுப்புரத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு களஞ்சியத்தில் சபை கூடியது. பொரிகடைக்காரர் மகள் இனி வஜ்ரபுரிப் பிரஜை இல்லை, எக்காலத்திலும் பிரஜையாக இருந்ததும் இல்லை என்று ராஜா ஆணை பிறப்பித்தான். நோட்டில் அவள் பெயர் வந்த இடங்களையெல்லாம் அடிக்கச் சொன்னான். ஒரு எழுத்தும் தெரியாதபடி அடித்தேன். நான் அடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்த தளபதி, "த்தூ" என்று துப்பினான். ராஜா இரண்டு விரலை உயர்த்தினான். தளபதி அதைப் பார்க்காமலே இறங்கிப் போய்விட்டான்.

போனவன் நேராக அவன் அத்தாவிடம் சொல்லியிருக்கிறான். தகரக்கடை பாய் பயந்த சுபாவம், யார் வம்புக்கும் போகாதவர். இருந்தும் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் மண்டிக்கு வந்தார். பெரியப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மண்டி முன்னால் வண்டிக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள், என் நைனா, எல்லோரும் நின்றிருந்தார்கள். ஓலையில் கட்டிய வெல்லச் சிப்பங்களின் மேல் ஈ மொய்த்தது.

"இந்தப் பையன் சொல்றது நெசமா? நம்ம புள்ள அந்தப் பொண்ண குட்டைத் தண்ணி குடிக்கச் சொன்னானா?"

தளபதி என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் சந்தேகமே இல்லை. நான் எழுதினவள், சடையைப் பிடித்தவள், சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டு நின்றான்.

"இல்ல பெரியப்பா. இவன் பொய் சொல்றான்."

பாய் சட்டென்று திரும்பி மகனை அறைந்தார். ஒன்று, இரண்டு, பிறகு கையில் கிடைத்த சிப்ப ஓலையால். அடித்துக்கொண்டே பெரியப்பாவிடம், "மன்னிச்சிக்குங்க மொதலாளி, புள்ளைய சரியா வளக்கல" என்று சொன்னார். தளபதி அழவில்லை. அடி வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வீட்டுக்குத் திரும்பியபோது நடையில் ராஜா நின்றிருந்தான். என் தலைமேல் கையை வைத்து, "நல்ல எழுத்தர்" என்றான். அந்தக் கையின் கனம் இன்னும் உச்சந்தலையில் இருக்கிறது. எத்தனை எண்ணெய் தேய்த்து முழுகினாலும் போகாத ஒரு பிசுக்கு.

வஜ்ரபுரி அத்துடன் கலைந்தது. யாரும் கலைக்கவில்லை. ராஜா எஸ்.எஸ்.எல்.சி. வகுப்புக்குப் போனான், மீசை அரும்பியது, எங்களோடு விளையாடுவது கௌரவக் குறைச்சலாகிவிட்டது. தளபதி படிப்பை விட்டுவிட்டு மெட்ராஸுக்கு ஒரு பட்டறைக்குப் போனான். பல வருஷம் கழித்து அவன் அங்கேயே இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பொரிகடைக்காரர் மகள் மூன்று மாதம் கழித்து ஊருக்குத் திரும்பினாள். தலைமுடி கொட்டி, மொட்டைத் தலையில் புல் முளைத்த மாதிரி. ஜுரம் உயிரை விட்டுவிட்டுக் காது இரண்டையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்தாள், வாத்தியார் பேசுவது கேட்காமல் நாலு நாள் உட்கார்ந்திருந்தாள், ஐந்தாம் நாளிலிருந்து வரவில்லை. அந்த நாலு நாளும் நான் வேறு பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச காலத்தில் அவர்கள் கடையைக் காலி செய்துகொண்டு ஊரை விட்டே போனார்கள்.

நான் படித்து, டீச்சர் ட்ரெயினிங் முடித்து, திண்டிவனம் பக்கம் வாழ்க்கைப்பட்டேன். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பழக்கினேன். பொய் சொல்லக் கூடாது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். எழுதும்போது கை நடுங்கவில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன். மனிதருக்கு எதுவும் பழகிவிடுகிறது. என் பெரியப்பா மகன் மண்டியை எடுத்துக்கொண்டான், அதன் பிறகு அரிசி ஆலை, அதன் பிறகு பள்ளிக் கமிட்டி, கோயில் கமிட்டி. அவன் கை படாமல் ஊரில் எந்த நோட்டீசும் அச்சாவதில்லை என்ற நிலைக்கு வந்தான். கெட்டவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தான். கொடுக்கும்போது அந்தப் பிள்ளைகள் காலில் விழ வேண்டும், போட்டோ எடுக்கும் வரை எழக் கூடாது.

அவனுடைய எழுபதாவது வயது சாந்திக்குப் போயிருந்தேன். கல்யாண மண்டபம் நிறைந்த கூட்டம். மாலையும் கழுத்துமாக மேடையில் உட்கார்ந்திருந்தவன் மைக்கை வாங்கி, சின்ன வயசுக் கதை ஒன்று சொல்கிறேன் என்று ஆரம்பித்தான். அதே சரளம், அதே குரல். பாறையில் பிறந்த ராஜா, கழுகு, மதயானை. பேரப்பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பிறகு, "ரூல்ஸுன்னா ரூல்ஸு. ஒரு பொண்ணு என்னப் பாத்துச் சிரிச்சிட்டா. எருமைக் குட்டையில மூணு கை தண்ணி குடிக்க வச்சேன்ல! அன்னையிலேர்ந்து வஜ்ரபுரியில ஒருத்தன் சிரிக்கல" என்றான். மண்டபமே சிரித்தது. என் இலையில் அப்போதுதான் பாயசம் ஊற்றியிருந்தார்கள். அதன் மேல் முந்திரியும் நெய்யும் மிதந்துகொண்டிருந்தன. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"எழுதி வச்சது யாருன்னு நெனைக்கறீங்க? இதோ, நம்ம தங்கச்சி டீச்சரம்மா. வாம்மா மேல, ரெண்டு வார்த்தை சொல்லு" என்றான்.

போனேன். கை கூடக் கழுவவில்லை. மைக்கை வாங்கி, "அந்தப் பொரிகடைப் பொண்ணுக்கு அப்புறம் ஜுரம் வந்து ரெண்டு காதும் போயிடுச்சு. கேட்டவங்ககிட்ட எல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நான் பொய் சொன்னேன்" என்றேன். முன்வரிசையில் சிரிப்பு அப்படியே வாயில் நின்றது. அவன் என்னைப் பார்க்கவில்லை. சிரித்த முகம் மாறாமல் மேளக்காரர்கள் பக்கம் இரண்டு விரலை உயர்த்தினான். கெட்டிமேளம் கொட்டத் தொடங்கியது. நான் மேலும் என்னவோ பேசினேன், என் காதுக்கே கேட்கவில்லை. யாரோ என் முழங்கையைப் பிடித்து மெதுவாகப் படியிறக்கி விட்டார்கள். "டீச்சருக்கு சுகர் ஏறிடுச்சு போல" என்று ஒரு பெண் சொன்னாள்.

மண்டபத்தின் பின்வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என் பின்னாலேயே வந்தாள். அவளுக்கு மேல்மலையனூர். "நீங்க சொன்ன பொண்ணு, காது கேக்காத பொரிக்காரம்மாதானே? எங்க ஊரு கோயிலாண்ட கடை வச்சிருக்குது. அமாவாசைக்கு அமாவாசை பாக்கலாம்" என்றாள்.

அடுத்த அமாவாசைக்குக் காலையிலேயே செஞ்சியில் ஸ்பெஷல் பஸ் பிடித்தேன். எலுமிச்சை மாலையும் வேப்பிலையுமாக நெரியும் கூட்டத்தில் விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். நாலு கம்பு நட்டுத் தார்ப்பாய் போட்ட கடை. பொரி மலை மாதிரி குவிந்திருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அளந்துகொண்டிருந்த படி கையிலேயே நின்றது.

"நீயா" என்றாள். உரத்த குரல், ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரல். தன் குரலை ஐம்பது வருஷத்துக்கும் மேலாகத் தானே கேட்காதவளின் பேச்சு.

நான் ஆரம்பித்தேன். "மொகத்தப் பாத்துப் பேசு. மெதுவா" என்றாள். என் உதட்டையே பார்த்துக்கொண்டு, நடுநடுவே வருகிறவர்களுக்குப் பொரி அளந்து போட்டுக்கொண்டு கேட்டாள். எழுதினதைச் சொன்னேன். சடையைப் பிடித்ததைச் சொன்னேன். மண்டி முன்னால் தளபதியைப் பொய்யன் ஆக்கியதைச் சொன்னேன். "உங்க நைனா வந்து கேட்டாரு. தெரியாதுன்னு சொல்லிட்டேன். பாவம், அவருக்கு இன்னா நடந்ததுன்னே தெரியாமப் போச்சு" என்றேன்.

"நைனாவுக்குத் தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"எல்லாம். ஜுரம் வந்த ரெண்டாம் நாளே நான் சொல்லிட்டேன். குட்டை, உங்கண்ணன், நீ பின்னால நின்னது, எல்லாம்."

"அப்புறம் எதுக்கு என்னாண்ட வந்து கேட்டாரு?"

"கடை உங்க பெரியப்பா எடம். எம் பொண்ணு சொல்லுதுன்னு போயி நின்னா எவன் கேப்பான்? உங்க வூட்டுப் புள்ள ஒண்ணு வாயத் தொறந்தா போயி நியாயம் கேக்கலாம்னு இருந்தாரு. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, சொல்லிடும்னு எங்கம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தாரு." ஒரு படி பொரியை அளந்து காகிதத்தில் கொட்டி ஒரு பெண்ணிடம் நீட்டினாள். "திரும்பி வந்து, தெரியாதுன்னுட்டாம்மான்னாரு. அப்ப எனக்குக் காது அடைச்சிக்கினு வந்துச்சு. நல்லா கேட்டதுன்னா, அதான் கடைசி."

எனக்குப் பின்னால் கூட்டம் நெருக்கியது. குழந்தையைத் தோளில் தூக்கி வைத்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, ரெண்டு படி போடும்மா என்று விரலைக் காட்டினார்.

"தள்ளி நில்லு. சாமி கும்புட வந்தவங்க நிக்கறாங்க" என்றாள்.

தள்ளி நின்றேன். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, என்னை மன்னித்துவிடு என்று அவளைப் பார்த்துச் சொன்னேன். அவள் குனிந்து பொரியை அளந்துகொண்டிருந்தாள். இன்னொரு தடவை சொன்னேன். அவள் நிமிர்ந்து என் வாயைப் பார்க்கவில்லை.